அழிக்க அழிக்க வந்த ரோடு

பாதி முகத்துக்குச் சவரம் முடிந்திருந்தபோது யூஜின் கைபேசியைப் பார்த்தார். மீதிப் பாதியை அன்று முழுவதும் அவர் மறந்தே போனார்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் அழித்த ரோடு, வரைபடத்தில் மறுபடியும் வந்து நின்றது.

"ஏட்டி கிரேசி, இஞ்ச வா. இந்தக் கடற்கரை ரோட்ட நேத்து நான் அழிச்சேனா இல்லியா?"

அடுக்களையிலிருந்து கரண்டியோடு வந்தாள் கிரேசி. "கடலு அழிச்சு மூணு மாசம் ஆச்சு. நீங்க நேத்துதான் அழிச்சியளா?"

"அது கெடக்கட்டும். இப்பம் பாரு, எவனோ திரும்பவும் போட்டிருக்கான்."

"போட்டா போட்டுட்டுப் போறான். நமக்கு ரோடு வேணுந்தான?"

"ஒனக்கென்ன பிராந்தா? மேப்புல போட்டா தரையில ரோடு மொளைக்குமா? இன்னைக்கு ஆரு வாறான்னு ஓர்மை உண்டா?"

கிரேசிக்கு ஓர்மை வந்தது. கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

யூஜின் துபாயில் ஒரு சர்வே கம்பெனியில் எட்டு வருஷம் கம்பி பிடித்தவர். வேறொருவர் கருவிக்குள் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்க்க, இவர் தூரத்தில் கம்பியை நேராகப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பார். ஊருக்குத் திரும்பியதும் மக்கள் வரைபடத்தில் சேர்ந்துகொண்டார். யார் வேண்டுமானாலும் தங்கள் ஊரை வரையலாம், தப்பு இருந்தால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தினால் கொஞ்ச நேரத்தில் எல்லார் கைபேசியிலும் தெரிந்துவிடும். அதுதான் மக்கள் வரைபடம். இனயத்துக்குக் கிழக்கே இருக்கும் சவேரியார்துறையின் ஒவ்வொரு சந்துபொந்தையும், சிலுவை நிற்கும் குருசடியையும், ஐஸ் கம்பெனியையும் அதில் ஏற்றியவர் அவர்தான். கம்பி பிடித்தவர் கையில் கடைசியில் ஒரு ஊரே வந்துவிட்டது. எல்லாரும் அவரை மேப்பு யூஜின் என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் கடலும் யாரையும் கேட்காமல் ஊரைத் திருத்திக்கொண்டிருந்தது. காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று ஏறி வருகிற கள்ளக்கடல், மூன்று மாதத்துக்கு முன்னால் கடற்கரை ரோட்டின் கிழக்குப் பாதியையும் மூன்று வரிசை வீடுகளையும் கொண்டுபோய்விட்டது. நான்காவது வரிசையில் கட்டிய யூஜினின் வீடு, ஓரடிகூட நகராமல் முதல் வரிசைக்கு வந்துவிட்டது. அடுக்களையின் பின்சுவரில் பாதி போயாயிற்று. அடுத்த மழைக்குள் கடலில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு கட்டாவிட்டால் மீதி வீடும் போய்விடும். அதைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யத்தான் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் இன்று வருகிறார்.

யூஜின் ஊரை வரைவதற்கு முன் இப்படி ஒருவர் வந்தார். வரைபடத்தில் சவேரியார்துறைக்குச் சரியான வழி இல்லாததால் பக்கத்து ஊரான மிக்கேல்துறையில் போய் இறங்கிவிட்டார். மிக்கேல்துறைக்காரர்கள் அவருடைய தப்பைத் திருத்தவில்லை, சாப்பாடு போட்டார்கள். தூண்டில் வளைவு அங்கே வந்தது. அன்றிலிருந்து அங்கே அடிக்க வேண்டிய அலையும் சேர்ந்து சவேரியார்துறையில் அடிக்கிறது. அந்தச் சாப்பாட்டில் நெய்மீன் குழம்பு உண்டென்பதைச் சவேரியார்துறையில் இன்றைக்கும் ஒருவரும் மன்னிக்கவில்லை.

யூஜின் ரோட்டை அழித்தார். ரோட்டைத் திரும்பப் போட்டவரின் பெயர் கீழே இருந்தது: நண்டுக்கால். சவேரியார்துறைப் பங்கில் அந்தப் பெயரில் யாரும் ஞானஸ்நானம் வாங்கியதில்லை.

கைபேசி அடித்தது. நாகர்கோவில் அலுவலகத்தின் இளைய பொறியாளர் ரெஜிஷா. மெதுவாகப் பேசினாள்.

"அண்ணே, பெரிய சாரோட கெளம்பியாச்சு. ஜீப்புல பின்னால இருந்து பேசுதேன். ஒரு காரியம் கேட்டியளா, சாரு ஆருட்டயும் வழி கேக்க மாட்டாரு."

"ஏன் மேடம்? நான் முக்குல வந்து நின்னு கையைக் காட்டுதேனே."

"வேண்டாம் அண்ணே. நேத்து ஒரு ஊர்ல வழி காட்டுதோம்னு சொல்லி, குண்டும் குழியுமா உள்ள ரோட்டுல எல்லாம் கொண்டு சுத்திட்டாவ. சாருக்கு இடுப்பு போச்சு. இனி மேப்பு என்ன சொல்லுதோ அதான் வழி, ஊர்க்காரன் வாயைத் தொறந்தா திரும்பிருவேங்காரு."

"மேப்பு நம்ம கையில தான் மேடம். கோயில் ரோடு வழியா வரும்படி வச்சிருக்கேன். வந்து பாருங்க, கோயில் ரோட்டுக்குக் குறுக்க பந்தலு போட்டு, சீரியல் பல்பு எல்லாம் கெட்டி, ஜோரா வச்சிருக்கோம்."

"ரோட்டுக்குக் குறுக்கயா?" என்றாள் ரெஜிஷா.

"ஆமா மேடம்! சாரு எறங்குனதும் பந்தலுக்கு அடியில தான் எறங்கணும்."

"கொள்ளாம் அண்ணே," என்று அவள் வைத்துவிட்டாள்.

யூஜின் சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கியபோது கைபேசியில் மறுபடியும் சத்தம். நண்டுக்கால் இரண்டு காரியம் செய்திருந்தான். கடற்கரை ரோட்டைத் திரும்பப் போட்டிருந்தான். கோயில் ரோட்டை அடைத்து, 'குறுக்கே பந்தல் இருப்பதால் வண்டி போகாது' என்று காரணமும் எழுதியிருந்தான்.

யூஜினுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. பொய் என்றால் அழித்துவிடலாம். இது உண்மை. பந்தல் நடுரோட்டில்தான் நின்றது. கோயில் பங்குப்பேரவைக் கூட்டத்தில் அதை அங்கே போடச் சொன்ன செயலரும் யூஜின்தான். பந்தல் நிற்பது வெளியூர்க்காரனுக்குத் தெரிய வழியில்லை. ஆக, நண்டுக்கால் உள்ளூர்க்காரன். உள்ளூர்க்காரன் என்றால் ததேயுஸ்.

சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. ததேயுஸின் சாயாக்கடை கடற்கரை ரோடு அறுந்துபோன இடத்தில் இருந்தது. முட்டத்துக்குப் போகிற சுற்றுலா வண்டிகள் அந்த வழியாக வந்தால்தான் அவருக்கு வியாபாரம். ரோடு போனபின் கடையில் ஈயும் அவரும் மட்டும் இருந்தார்கள்.

ஆனால் முதல் வேலை பந்தல். யூஜின் கோயில் ரோட்டுக்கு ஓடினார்.

"பிரியுங்கலே இத!"

ஏணியில் நின்ற ஆள் கீழே பார்த்தான். "இப்பந்தான் கெட்டி முடிச்சோம். போடச் சொன்னதும் நீரு, பிரிக்கச் சொல்லுததும் நீரா?"

"ஜீப்பு போவாதுலே! ஒரே ஒரு காலை மட்டும் மாத்தி ஓரமா நடுங்க, போதும்."

ஒரே ஒரு காலைத்தான் பிடுங்கினார்கள். மற்ற கால்கள் எல்லாம் அதை நம்பி நின்றது அப்போதுதான் தெரிந்தது. பந்தல் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு மொத்தமாக ரோட்டில் படுத்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. 'வருக வருக' என்று எழுதிய துணி மட்டும் சாக்கடையில் கிடந்தது. முன்பு வண்டிதான் போகாமலிருந்தது. இப்போது ஆளும் போக முடியாது.

"எடுங்கலே, சட்டுன்னு எடுங்க!" என்று கத்திக்கொண்டே யூஜின் கடற்கரை ரோட்டை அழித்தார். இப்படி அவசரத்தில் அழித்ததுதான் அடுத்த வினை.

"அண்ணே," என்றாள் ரெஜிஷா. கைபேசியில் அவள் குரலில் அவசரம் இருந்தது. "மேப்பு சவேரியார்துறைக்கு வழியே இல்லங்குது. சாரு மிக்கேல்துறையில போய் சாப்பிட்டுட்டுப் பேசிக்கலாமாங்காரு."

யூஜினின் மூக்குக்கு நெய்மீன் குழம்பின் வாசனையே வந்துவிட்டது.

"விட்டுராதிய மேடம்! செத்த நேரம் பிடிச்சு வைங்க. பந்தல எடுத்துருதோம்."

"பாக்கேன் அண்ணே."

ஊருக்கு மூன்றாவது வழி ஒன்று கல்லறைத் தோட்டத்துக்குள்ளே இருக்கிறது. அதில் வண்டி போகாது. ஆள்கள் போவார்கள், திரும்பமாட்டார்கள். ஆக இரண்டே வழி. ஒன்றில் பந்தல் கிடந்தது, மற்றது கடலுக்குள் போனது. என்ன செய்வதென்று யூஜின் திகைத்து நிற்கும்போதே வரைபடத்தில் கடற்கரை ரோடு மூன்றாம் முறை உயிர்த்தெழுந்தது.

இனி வரைபடம் அதிகாரியை மிக்கேல்துறைக்கு விடாது. நேரே கடலில் கொண்டு இறக்கிவிடும். சென்னை அதிகாரி சவேரியார்துறைக் கடலில் போனார் என்று நாளைக்கு டிவியில் வந்தால், அதன் பிறகு இந்த ஊருக்கு ஒரு கூடைக் கல்கூடக் கிடைக்காது. அதோடு அந்த ஜீப்பில் இருப்பவர்களும் மனிதர்கள்தானே. யூஜின் ததேயுஸின் கடைக்கு ஓடினார்.

ததேயுஸ் வரப்போகும் அதிகாரிக்கும் ஊருக்கும் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் கைபேசி.

"வோய் ததேயுஸ், போனக் குடும்!"

"என்னத்துக்கு?"

"குடும்னு சொன்னா குடும்! ரோட்ட அழிக்க அழிக்கப் போடுதீரு. நாலு உயிரு வாற வண்டி வோய்!"

"நான் என்னத்தப் போட்டேன்? சாயாதான் போடுதேன். என்ன வோய் இது, பாதித் தாடியும் பாதிச் சவரமுமா வந்து நின்னு ஏசுதீரு?"

யூஜின் பாய்ந்து கைபேசியைப் பறித்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு தன் கைபேசியில் நிதானமாகக் கடற்கரை ரோட்டை அழித்தார்.

"இனி வருதான்னு பாப்போம்."

இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார்கள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ரோடு வந்தது. கீழே நண்டுக்கால்.

ததேயுஸ் யூஜினின் பைக்குள் கையைவிட்டுத் தன் கைபேசியை எடுத்தார். அடுப்பை அணைத்தார். கடையின் பலகைக் கதவை ஒவ்வொன்றாக எடுத்துச் சாத்தினார். "ஊருக்கு இனி சாயா கெடையாது. மேப்புல போட்டுக் குடியும்," என்றார்.

நண்டுக்கால் ததேயுஸ் இல்லை. அப்படியென்றால் யார்? யூஜினுக்கு அதுவரை கோபம்தான் இருந்தது. இப்போது பயம் வந்தது.

பின்னாலேயே ஓடி வந்த கிரேசி மூச்சு வாங்கினாள். "வெப்ராளப்படாதிய. நண்டுக்கால் ஒருத்தன். நம்ம ஊர்ல எத்தன போனு உண்டு! கோயில் மைக்குல சொல்லுங்க. எல்லாருமாச் சேந்து அழிச்சா அவன் எத்தன தடவ போடுவான்?"

யூஜினுக்கு அது பெரிய யோசனையாகத் தோன்றியது. கிரேசியை இவ்வளவு நாள் அடுக்களையில் வைத்திருந்தது தப்பு என்றுகூட நினைத்தார். கோயில் மைக்கில் முழங்கினார்: "போன் உள்ள எல்லாரும் உடனடியா மக்கள் மேப்புக்குள்ள போய், கடற்கரை ரோட்ட அழிக்கணும்னு தாழ்மையாக் கேட்டுக்கிடுதோம். திரும்ப வந்தா திரும்ப அழிக்கணும்."

மீன் பிடிக்கிறவர்கள், மீன் விற்கிறவர்கள், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் எல்லாரும் வரைபடத்துக்குள் இறங்கினார்கள். ரோடு அழிந்தது. கூடவே வேறு பல காரியங்களும் நடந்தன. ஒருவர் தன் வேலியை அடுத்த வீட்டுக் கிணறு வரை நகர்த்தினார். அடுத்த வீட்டுக்காரர் அவருடைய வீட்டையே நகர்த்தினார். யாரோ கோயிலை இரண்டாக்கினார்கள்.

யூஜின் ஒவ்வொன்றையும் திருத்திக்கொண்டே இருந்தபோது ஒரு கை அவர் சட்டையைப் பிடித்தது. செசிலி. முதல் வரிசையில் வீடு போனவள். பள்ளிக்கூடத்து வகுப்பறையில், கரும்பலகைக்குக் கீழே பாய் விரித்துக் குடியிருக்கிறாள். இன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அந்த வரைபடத்தைப் பார்த்திருந்தாள்.

"என் வீட்ட இதுல காணலியே. ஆரு எடுத்தா?"

யூஜின் தயங்கினார். "நாந்தான் செசிலி. இல்லாதத வைக்கக் கூடாதுல்லா. அதான் இதுக்கு முறை."

செசிலி தன் கைபேசியில் விரலால் ஒரு சதுரம் போட்டாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சதுரம் போட்டாள், அது ஆட்டுக்கொட்டில். அவளைப் பார்த்துப் பக்கத்தில் நின்றவளும் ஒரு சதுரம் போட்டாள். அதைப் பார்த்து மற்றவர்கள். கொஞ்ச நேரத்தில் கடலில் போன மூன்று வரிசை வீடுகளும் வரைபடத்தில் அழகாக எழுந்து நின்றன. இடையில் யாரும் கவனிக்காதபோது கடற்கரை ரோடும் வந்து சேர்ந்திருந்தது.

ரெஜிஷாவின் அழைப்பு வந்தது. "அண்ணே, என்ன செய்து வச்சிருக்கிய? காலையில மேப்பப் பாத்துட்டு, கரையில ஒரு வீடும் இல்லியே, ஆருக்கு வளைவுன்னு கேட்டாரு. இப்பம் மூணு வரிசை வீடும் நல்லாத்தான இருக்கு, என்னத்துக்கு வளைவுங்காரு. வண்டியத் திருப்பச் சொல்லுதாரு!"

யூஜின் செசிலியைப் பார்த்தார். "செசிலி, அழிச்சிரு தாயே. ஒரு மணி நேரத்துக்கு மட்டும். சாரு போனதும் நானே போட்டுத் தாறேன்."

"என் வீட்டக் கடலு ஒரு தடவதான் கொண்டு போச்சு," என்றாள் செசிலி. "நீரு எத்தன தடவ கொண்டுபோவீரு?"

அவர் விரல் திரைக்கு மேலே நின்றது. அழுத்தினால் போதும். எட்டு வருஷம் வெயிலில் நேராக நின்ற கை அது; ஆனால் அன்றைக்கு அதனால் முடியவில்லை. கைபேசியைக் காதில் வைத்தார்.

"மேடம், திரும்பிரக் கூடாது. ஒங்களக் கும்பிடுதேன். எந்த வழியானாலும் சாரக் கூட்டிட்டு வந்திருங்க."

"எந்த வழியானாலும் வரலாமா அண்ணே?"

"எந்த வழியானாலும்!"

"சரி அண்ணே," என்றாள் ரெஜிஷா.

வைத்தபிறகுதான் தாம் சொன்னது என்னவென்று யூஜினுக்கு உறைத்தது. கோயில் ரோட்டில் இன்னும் பந்தல் கிடந்தது. வரைபடத்தில் திறந்திருந்தது ஒரே ஒரு வழி.

அவர் ஓடினார். போகிற வழியில் தன் வீட்டுக் கொடியில் காய்ந்த கிரேசியின் சிவப்பு நைட்டியை உருவிக்கொண்டார். ததேயுஸின் பூட்டிய கடையைத் தாண்டி, ரோடு அறுந்த விளிம்பில் நின்றார். அந்த இடத்தில் தார் பாதிக் கடித்த பிஸ்கட் போல முடிந்திருந்தது. கீழே மணலும் தண்ணீரும். தூரத்தில் ஜீப் வளைவில் திரும்பியது.

"வராதிய! நில்லுங்க! ரோடு இல்ல!"

நைட்டியைத் தலைக்குமேல் சுழற்றினார்.

உள்ளே நடந்ததை டிரைவர் கோலப்பன் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார். முன்சீட்டில் இருந்த பெரிய சார் நிமிர்ந்து பார்த்தாராம். "யாரோ ஒருத்தன் பாதித் தாடியோட சிவப்புத் துணி ஆட்டறான். நேத்தும் இப்படித்தான் வழி மறிச்சானுங்க. மேப் நேரா போகச் சொல்லுது. நீ போ."

கோலப்பன் போனார். ஆனால் மேப்பைப் பார்த்துப் போகவில்லை, ரோட்டைப் பார்த்துப் போனார். விளிம்புக்கு முன்னால் பிரேக்கை மிதித்தார். அப்படியும் முன்சக்கரம் இரண்டும் விளிம்பைத் தாண்டி மணலில் புதைந்து ஜீப் கடலைக் கும்பிட்டதுபோல் நின்றது. யூஜின் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "சவேரியாரே!" என்றார்.

"ஏன் நிறுத்தினே? மேப்ல இன்னும் ரோடு இருக்கே," என்று கையிலிருந்த திரையைப் பார்த்துக்கொண்டே பெரிய சார் கதவைத் திறந்து ரோட்டில் கால் வைத்தார்.

இடுப்புவரை தண்ணீருக்குள் போய்விட்டார். எழுந்திருக்க நினைத்தபோது ஒரு அலை வந்து தலைக்குமேல் போயிற்று.

முதலில் குதித்தவர் ததேயுஸ். எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. பின்னால் யூஜினும் குதித்தார். ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். சாரின் ஒரு ஷூ கடலோடு போயிருந்தது.

பக்கத்தில் இருந்த வீடு யூஜினின் வீடுதான். அங்கே போக வேண்டுமானால் மூன்று வரிசை வீடுகள் இருந்த இடத்தில்தான் நடக்க வேண்டும். மாடிக்குப் போகிற படிக்கட்டு மட்டும் நின்றது, மாடி இல்லை. செசிலியின் வீட்டுத் தரையில் பூப்போட்ட டைல்ஸ் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஒற்றை ஷூவோடு அதன்மேல் நடந்த பெரிய சார், "இங்க வீடா இருந்தது?" என்று கேட்டார்.

அடுக்களையில் நாற்காலி போட்டு, கிரேசி பால் இல்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். எதிரே பாதிச் சுவர். சுவர் இல்லாத பாதியில் கடல். ஒரு வாய் குடிப்பதற்குள் அலை ஒன்று உள்ளே வந்து, நாற்காலிக்கு அடியில் போய், சட்டிமூடியையும் கழற்றி வைத்த இன்னொரு ஷூவையும் எடுத்துக்கொண்டு திரும்பியது. சார் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டார்.

"இது தினமும் வருமா?"

"உச்சைக்கு வாறது இம்புட்டுத்தான் சார்," என்றாள் கிரேசி. "சாயங்காலம் வாறது வேற."

பெரிய சார் டிரைவரின் கைபேசியை வாங்கினார். அவருடையது தண்ணீரில் செத்திருந்தது. "நான் சவேரியார்துறையில இருந்து பேசறேன். தூண்டில் வளைவு முதல்ல இங்கதான். இந்த மழைக்கு முன்னால கல்லு வந்தாகணும். என்னது, ரிப்போர்ட்டா? யோவ், நான் தண்ணியில உட்கார்ந்திருக்கேன்யா!"

கிரேசி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். யூஜினுக்கும் அழுகை வந்தது. முகம் ஏற்கெனவே நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வீடு தப்பித்துவிட்டது. இனி இந்தச் சுவரை நம்பிக் கட்டலாம்.

சந்தோஷம் முழுதாக இறங்குவதற்குள் சார் திரும்பினார். "சரி, அந்த ரோட்டை மேப்ல போட்டது யாரு?"

எல்லாரும் யூஜினைப் பார்த்தார்கள். யூஜின் ததேயுஸைப் பார்க்க வெட்கப்பட்டுத் தரையைப் பார்த்தார்.

"மேப்புக்கு நாந்தான் பொறுப்பு சார். ஆனா காலையில இருந்து அழிச்சுக்கிட்டேதான் இருந்தேன். நண்டுக்கால்னு ஒருத்தன் திரும்பத் திரும்பப் போட்டுட்டான்."

"கண்டுபிடிங்க அவனை. கையை ஒடிக்கணும்," என்றார் பெரிய சார். கிரேசி கொடுத்த யூஜினின் லுங்கியைக் கட்டிக்கொண்டு, பந்தல் எடுத்த கோயில் ரோடு வழியாக நடந்தார். ஊரே கூட நடந்தது. ததேயுஸ் கடையைத் திறந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள்.

ஜீப் மணலில் புதைந்து நின்ற இடத்தில் ரெஜிஷா மட்டும் நின்று சாரின் கால்சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள். யூஜின் அவளிடம் போய்க் கைகூப்பினார்.

"மன்னிக்கணும் மேடம். ஒங்களையும் சேத்துக் கொல்லப் பாத்துட்டான் பாவி. அந்த நண்டுக்கால் ஆருன்னு மட்டும் தெரியட்டும், இதே எடத்துல கடல்ல தள்ளுதேன்."

ரெஜிஷா சுற்றும்முற்றும் பார்த்தாள். கால்சட்டையை ஜீப்பின்மேல் விரித்துப்போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, பல்லைக் கடித்தபடி சொன்னாள்:

"நாலு வருசமா நான் எழுதுன ரிப்போர்ட்ட ஒரு ஆளு பிரிச்சுப் பாக்கல்ல அண்ணே, ஒரு தடவையாவது இவர இந்தத் தண்ணியில எறக்கிரணும்னு நேத்துல இருந்து நான் ரோட்டப் போட்டுக்கிட்டே வாறேன், நீங்க என்னடான்னா அழிச்சுக்கிட்டே இருக்கிய!"